மஞ்சுளாவா, என்ஜாயா, மார்பிள் குயினா: மணி பிளாண்ட் ரகங்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: வெள்ளையும் பச்சையும் கலந்த மணி பிளாண்ட் ஒன்றை நர்சரியில் ‘மஞ்சுளா’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் ‘என்ஜாய்’ என்கிறார், இன்னொருவர் ‘பேர்ல்ஸ் அண்ட் ஜேட்’ என்கிறார், மூன்றாமவர் வெறும் ‘மார்பிள் குயின்’தான் என்கிறார். யார் சொல்வது சரி? இந்தப் பெயர்களை வைப்பது யார்?

படத்தில் ஒரே ஒரு இலைதான் தெளிவாகத் தெரிகிறது. ஒரு இலையை வைத்து இந்த நான்கையும் பிரிக்க முடியாது; பிரித்துச் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். ஆனால் செடி உங்கள் கையில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அது விடும் அடுத்த ஐந்தாறு இலைகளையும், கணுக்களுக்கு இடையிலான தூரத்தையும், இலைக்காம்பையும் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அதற்கு முன், ரகப் பெயர் என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பயிரிடும் தாவரங்களுக்குப் பெயர் வைப்பதற்கென்றே ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. முதல் பதிப்பு 1953-ல் வந்தது. 9-ஆம் பதிப்பு 2016-ல். அதன்படி ஒரு செடியை ரகம் என்று சொல்ல மூன்று தகுதிகள் வேண்டும்: மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், அந்த ரகச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வழக்கமான முறையில் பெருக்கும்போது அந்தக் குணம் மாறாமல் நிற்க வேண்டும். மணி பிளாண்டைப் பெருக்கும் வழக்கமான முறை தண்டை வெட்டி வைப்பது. ஆகவே தோட்டத்தில் ஒரு கொடி திடீரென்று வெள்ளையாகக் கிளைத்துவிட்டது என்பதற்காக அதற்கு ஒரு பெயர் சூட்டிவிட முடியாது. அதை வெட்டி வைத்து, வளர்ந்ததை மறுபடி வெட்டி வைத்து, பல சுற்றுகளுக்குப் பிறகும் அதே குணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால்தான் அது ரகம்.

இன்னொரு விதி பலருக்கும் வியப்பாக இருக்கும். இரண்டு செடிகள் ஒரே ரகமா என்று தீர்மானிக்கும்போது அவை எங்கிருந்து வந்தன என்பது பொருட்டல்ல. ஒரு மார்பிள் குயின் கொடியில் தானாக ஒரு கிளை மாறி, என்ஜாயிலிருந்து எந்த வகையிலும் பிரித்தறிய முடியாத செடியாக நிலைத்துவிட்டால், விதிப்படி அதுவும் என்ஜாய்தான். ஆகவே “இது எங்கள் வீட்டு மார்பிள் குயினில் வந்தது, அதனால் வேறு ரகம்” என்ற வாதம் செல்லாது. குணம்தான் தீர்ப்புச் சொல்லும்.

எழுதும் முறையும் விதியில் உண்டு. ரகப் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். 30 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. 1959 ஜனவரி 1 முதல் லத்தீன் வடிவில் புதுப் பெயர் வைக்க முடியாது. அதற்கு முன் வைத்த, பாம்புச் செடியின் ‘லாரெண்டியை’, சில்வர் மணி பிளாண்டின் ‘ஆர்ஜிரியஸ்’ போன்றவை மட்டும் நீடிக்கின்றன. வேறு லிபியில் ஒலிபெயர்த்து எழுதலாம், மொழிபெயர்க்கக் கூடாது. ஆகவே தமிழில் எழுதினாலும் ‘மார்பிள் குயின்’தான். பெயர், தேதியிட்ட ஒரு வெளியீட்டில் செடியின் விவரிப்போடு வந்திருக்க வேண்டும். விற்பனையாளர் ஒருவர் படத்தின் கீழே போட்ட பெயர் எத்தனை பேரால் பகிரப்பட்டாலும் ரகப் பெயர் ஆகிவிடாது. மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், ஆந்தூரியம் எல்லாம் அடங்கிய சேம்புக் குடும்பத்துக்கு ரகப் பதிவு செய்யும் பொறுப்பு பன்னாட்டு ஏராய்டு சங்கத்திடம் இருக்கிறது. பதிவு கட்டாயமில்லை என்பதால் கடையில் புழங்கும் பெயர்களில் பல எங்கும் பதிவாகாதவை.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். வணிகப் பெயர் வேறு, ரகப் பெயர் வேறு என்பது இந்தக் கூட்டத்தில் நன்றாகத் தெரியும். ‘பேர்ல்ஸ் அண்ட் ஜேட்’ புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்பிள் குயினிலிருந்து உருவானது. 2010-ல் கிடைத்த அமெரிக்கத் தாவரக் காப்புரிமையில் அதன் ரகப் பெயர் ‘யுஎஃப்எம்12’. பேர்ல்ஸ் அண்ட் ஜேட் என்பது விற்பதற்காக வைத்த பெயர். மஞ்சுளாவின் ரகப் பெயர் ‘ஹன்சோட்டி14’. காப்புரிமை 2016-ல் கிடைத்தது. மஞ்சுளாவும் புளோரிடாவில்தான் உருவானது என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு, காப்புரிமை மும்பையைச் சேர்ந்த ஒரு வளர்ப்பாளர் பெயரில் இருக்கிறது. 2009-ல் காப்புரிமை பெற்ற என்ஜாயும் அதே வளர்ப்பாளர் மும்பையில் மார்பிள் குயின் செடிகளுக்கிடையே கண்டெடுத்ததுதான். உலகம் முழுக்க அலமாரிகளில் தொங்கும் இரண்டு ரகங்கள் இந்தியாவிலிருந்து போனவை என்பது நம் ஊர் நர்சரிக்காரர்களில் பலருக்கே தெரியாது. தெரிய வேண்டிய செய்தி.

இன்னொன்று: மணி பிளாண்டை ஆங்கிலத்தில் அழைக்கும் ‘போத்தோஸ்’ என்ற பெயர். இந்தச் செடிக்கு 1880-ல் வைத்த பெயர் போத்தோஸ் ஆரெயஸ். பிறகு 1908-ல் சிண்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். 1960-களின் தொடக்கத்தில் புளோரிடாவில் பூத்ததை வைத்து ராபிடோபோரா என்றார்கள். 1964-ல் எபிப்ரெம்னம் ஆரெயம் என்று ஆனது, இன்றும் அதுதான். தாயகம் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா தீவு. அசல் போத்தோஸ் பேரினம் நம் பக்கமே இருக்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மரங்களில் ஏறும் போத்தோஸ் ஸ்கேண்டென்ஸ். அதன் இலைக்காம்பு நாரத்தை இலையின் காம்பைப் போல அகன்று, ஒரு இலைமேல் இன்னொரு இலை ஒட்டியதுபோல இருக்கும். மணி பிளாண்டில் அப்படி இருக்காது.

ரகம் பார்ப்பதற்கு முன், கையில் இருப்பது மணி பிளாண்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதய இலை பிலோடென்ட்ரானின் ‘பிரேசில்’ ரகத்தை மஞ்சள் மணி பிளாண்ட் என்றும், ‘லெமன் லைம்’ ரகத்தை மணி பிளாண்டின் ‘நியான்’ ரகம் என்றும் விற்பது சர்வ சாதாரணம். பிரிக்க ஒரு நிமிடம் போதும். இலைக்காம்பின் மேல்பக்கத்தை விரல் நகத்தால் வருடுங்கள். மணி பிளாண்டில் காம்பின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். அதன் இரு கரையிலும் மெல்லிய தோல் விளிம்பு இருக்கும், வயதான காம்பில் அது காய்ந்து பழுப்பாகத் தெரியும். இதய இலை பிலோடென்ட்ரானில் காம்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். அடுத்து, புது இலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிலோடென்ட்ரானில் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வரும். இலை விரிந்ததும் உறை காய்ந்து விழும். மணி பிளாண்டில் அப்படித் தனி உறை கிடையாது, முந்தைய இலையின் காம்புப் பள்ளத்திலிருந்தே சுருட்டிய இலை நீண்டு வரும். கணுவில் உள்ள காற்றுவேரும் உதவும்: மணி பிளாண்டில் தடித்த ஒற்றை முளை, பிலோடென்ட்ரானில் மெல்லியதாகச் சில.

‘சில்வர் மணி பிளாண்ட்’, ‘சாட்டின் போத்தோஸ்’ என்று விற்பது சிண்டாப்சஸ் பிக்டஸ். இலை பளபளக்காது, மங்கலான வெல்வெட் போல இருக்கும், அதன்மேல் வெள்ளிப் புள்ளிகள். சிறிய இலையும் சிதறிய புள்ளிகளும் என்றால் ‘ஆர்ஜிரியஸ்’, பெரிய இலையில் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து திட்டுகளாகியிருந்தால் ‘எக்சோட்டிகா’. நீலச் சாம்பல் பூசியதுபோன்ற ஒடுங்கிய இலையுள்ள ‘செபு புளூ’வும் மணி பிளாண்ட் அல்ல, எபிப்ரெம்னம் பின்னேட்டம் என்ற பக்கத்து இனம்.

உங்கள் செடி எபிப்ரெம்னம் ஆரெயம்தான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை-பச்சை ரகங்களில் பார்க்க வேண்டியவை நான்கு: வெள்ளை எப்படிப் பரவியிருக்கிறது, வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் எல்லை எப்படி இருக்கிறது, வெள்ளைக்குள் பச்சைத் துளிகள் உண்டா, இலையின் தளம் தட்டையா அலை அலையா. இலையைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பாருங்கள். எல்லைகளும் துளிகளும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

மார்பிள் குயினில் வெள்ளை ஒரு திட்டாக உட்காருவதில்லை. கீற்றாக, தூவலாக, பச்சையோடு பின்னிக்கொண்டு இலை முழுக்க ஓடும். எங்கே பச்சை முடிகிறது, எங்கே வெள்ளை தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. தண்டிலும் காம்பிலும் வெள்ளைக் கீற்றுகள் தெளிவாக இருக்கும். இலை மற்ற மூன்றையும்விட நீண்ட இதய வடிவம். தொங்கும் கொடியிலேயே 10 செ.மீ. தாண்டும். கணுக்களுக்கிடையே நல்ல தூரம் இருக்கும், கொடி சுறுசுறுப்பாக ஓடும்.

என்ஜாய் இதற்கு நேரெதிர். இலை சிறியது, ஏறக்குறைய 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், தொட்டால் சற்று மெல்லியதாகத் தெரியும். பச்சை நடுவில் திட்டாக இருக்கும், வெள்ளை பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும், இரண்டுக்கும் எல்லை கத்தரித்ததுபோல இருக்கும். பச்சைத் திட்டுக்குள்ளேயே கரும்பச்சையும் சாம்பல் கலந்த பச்சையும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம். வெள்ளைப் பகுதி சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம்தான் முக்கிய அடையாளம்.

பேர்ல்ஸ் அண்ட் ஜேட் அளவில் என்ஜாயை ஒத்தது, அமைப்பிலும் ஏறக்குறைய அதுவேதான்: நடுவில் பச்சை, ஓரத்தில் வெள்ளை. வித்தியாசம் அந்த வெள்ளைக்குள் இருக்கிறது. ஊசியால் குத்தியதுபோல, அல்லது பிரஷை உதறியதுபோல, பச்சையும் சாம்பல் பச்சையுமாகத் துளிகள் சிதறியிருக்கும். இந்த இரண்டையும் ஒரு இலையை வைத்துப் பிரிக்கவே கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: என்ஜாயிலும் எப்போதாவது ஒரு இலையில் துளி விழும், பேர்ல்ஸிலும் எப்போதாவது சுத்தமான இலை ஒன்று வரும். ஆறு இலைகளில் நான்கு ஐந்தில் துளிகள் இருந்தால் பேர்ல்ஸ் அண்ட் ஜேட். ஒன்றிரண்டில் மட்டும் ஓரிரு துளி என்றால் என்ஜாய்.

மஞ்சுளாவை நிறத்தைப் பார்த்து அடையாளம் காண முயல்வதுதான் பெரும்பாலானோர் தடுமாறும் இடம். அதில் வெள்ளை, பால்நிறம், வெள்ளி கலந்த பச்சை, இளம்பச்சை எல்லாம் உண்டு. திட்டும் உண்டு, கீற்றும் உண்டு, துளியும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்தால் மற்ற மூன்றில் எதுவாகவும் தோன்றும். வடிவத்தைப் பாருங்கள். இலை அகலமானது, நீளமும் அகலமும் நெருங்கி வரும். விளிம்பு அலை அலையாக இருக்கும். இலையை மேசையில் வைத்து அழுத்தினால்தான் தட்டையாகும், விட்டால் மீண்டும் வளையும். கணுக்கள் நெருக்கமாக இருப்பதால் செடி கொடியாக ஓடுவதைவிடத் தொட்டிக்குள் புதராக அடர்வதில்தான் முனையும். விளிம்பு தட்டையாக, கொடி நீண்டு தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு செடியை நிறத்துக்காக மட்டும் மஞ்சுளா என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

‘ஸ்நோ குயின்’ என்று தனி ரகம்போல விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மார்பிள் குயினில் வெள்ளை மிகுந்த கொடிகளைத் தேர்ந்து பெருக்கியதை அந்தப் பெயரில் விற்கிறார்கள். நிழலில் வைத்தால் புது இலைகள் பச்சை கூடி மார்பிள் குயினாகவே தெரியும். வெள்ளை எத்தனை சதவீதம் என்பது வெளிச்சத்தோடு ஏறி இறங்குகிற விஷயம். அதை மட்டும் நம்பி ஒரு ரகத்தைப் பிரிப்பதை நான் ஏற்பதில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. ‘ஹவாயன்’ என்ற பெயரும் அப்படித்தான். மஞ்சள் திட்டுள்ள சாதாரண ‘கோல்டன்’ கொடி மரத்தில் ஏறினாலே இலை பல மடங்கு பெரிதாகும், அரை மீட்டரைத் தாண்டும், ஓரம் கிழிந்து கிழிந்து வேறு செடிபோல ஆகும். தென்னையில் ஏறிய மணி பிளாண்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதே கொடியின் நுனியை வெட்டித் தொங்கு தொட்டியில் வைத்தால் சில மாதங்களில் இலை மறுபடி சிறிதாகிவிடும். இலையின் அளவை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு செடியும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் கம்பில் ஏற வேண்டும்.

மற்ற ரகங்களில் சிக்கல் குறைவு. முழுப் பச்சை ‘ஜேட்’. முழுக்க மின்னும் எலுமிச்சைப் பச்சை ‘நியான்’. பச்சைக்குள் இன்னொரு பச்சை, நடுவில் வெளிர்ந்தும் ஓரத்தில் கருத்தும் இருந்தால் ‘குளோபல் கிரீன்’. மார்பிள் குயினின் அதே கீற்று ஓட்டம் வெள்ளைக்குப் பதில் எலுமிச்சை நிறத்தில் இருந்தால் ‘ஜெசீனியா’. ஒரு எச்சரிக்கை மட்டும்: இருட்டில் வைத்த கோல்டன் மஞ்சளை இழந்து ஜேட் போலத் தோன்றும். வெளிச்சத்துக்கு மாற்றி நான்கைந்து இலை வரும்வரை பொறுத்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

சோதனையை முறையாகச் செய்வது எப்படி? கொடியில் நிறம் நன்றாக விழுந்த பகுதியில், இரண்டு அல்லது மூன்று கணுவுள்ள துண்டாக வெட்டுங்கள். வெட்டு கணுவுக்கு ஒரு செ.மீ. கீழே இருக்கட்டும். தண்ணீரில் வைத்தால் ஒரு கணு மூழ்க வேண்டும், இலை மூழ்கக் கூடாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் வரும். வேர் 5 செ.மீ. ஆனதும் 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர். இடம் கிழக்குச் சன்னல், அல்லது 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ். பக்கத்தில், ரகம் உறுதியாகத் தெரிந்த ஒரு மார்பிள் குயினையும் அதே கலவையில், அதே அளவுத் தொட்டியில் வையுங்கள். இந்த ஒப்பீட்டுச் செடி இல்லாமல் செய்யும் சோதனைக்குப் பாதி மதிப்புதான், ஏனென்றால் உங்கள் வீட்டு வெளிச்சத்தில் மார்பிள் குயின் எப்படி இருக்கும் என்பதே அளவுகோல். வெட்டுத் துண்டோடு வந்த பழைய இலைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை நர்சரியின் வெளிச்சத்தில், நர்சரியின் உரத்தில் உருவானவை. புதிதாக வந்த ஆறு இலைகளை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், குளிர்காலமானால் இன்னும் கூடும்.

இந்த இடைவெளியில் நடக்கக்கூடிய தவறுகள் சில. நேர்வெயில் பட்டால் வெள்ளைப் பகுதி முதலில் பழுப்பாகக் கருகும். வேர் அழுகினாலும் மண் அடிக்கடி முழுக்கக் காய்ந்தாலும் கருகும். அதை ரகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நைட்ரஜன் உரம் தாராளமாகக் கொடுத்தால் பச்சை அடர்ந்து, துளிகளையும் எல்லைகளையும் பார்ப்பது கடினமாகும். சோதனை முடியும்வரை மண்புழு உரம் போதும்.

முக்கியமானது நிறம் திரும்புதல். வெள்ளை ஓட்டமுள்ள கொடி திடீரென்று முழுப் பச்சையாகக் கிளைக்கும், அல்லது முழு வெள்ளையாகக் கிளைக்கும். காரணம் தண்டிலேயே எழுதியிருக்கும். வெள்ளை-பச்சைக் கொடி ஒன்றின் தண்டை உருட்டிப் பார்த்தால் சில கீற்று பச்சையாகவும் சில கீற்று வெள்ளையாகவும் நீளவாக்கில் ஓடுவது தெரியும். ஒவ்வொரு கணுவிலும் மொட்டு எந்தக் கீற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த நிறத்தையே புதுக்கிளை பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். மொட்டின்கீழ் அகலமான பச்சைப் பட்டை மட்டும் ஓடினால் பச்சைக் கிளை வரும். வெறும் வெள்ளை ஓடினால் வெள்ளைக் கிளை வரும், அதில் பச்சையம் இல்லாததால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ள முடியாது, வெட்டி வைத்தாலும் பிழைக்காது. இரண்டும் கலந்து ஓடும் இடத்தில் மொட்டு உள்ள கணுவைத்தான் வெட்ட வேண்டும். பச்சையாகத் திரும்பிய கிளையைக் கண்டால், கடைசியாக நல்ல நிறமுள்ள கணு வரை பின்வாங்கி வெட்டிவிடுங்கள். விட்டால் பச்சைக் கிளைக்குப் பச்சையம் அதிகம், வேகம் அதிகம். ஒரே வருடத்தில் தொட்டியை அது பிடித்துக்கொள்ளும். அப்படி வெட்டிய பச்சைத் துண்டை வளர்ப்பதில் தவறில்லை. அதை ‘மஞ்சுளா’ என்று எழுதி நண்பருக்குக் கொடுப்பதுதான் தவறு. குணம் போய்விட்டது, பெயரும் போய்விட்டது.

இதையே பாம்புச் செடியில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சான்சிவீரியா என்று நாம் அறிந்த, இப்போது டிரசீனா டிரைஃபேசியேட்டா என்று அழைக்கப்படும் செடியின் ‘லாரெண்டியை’ ரகத்தில் இலையின் இரு ஓரமும் மஞ்சள் கரை. இலையைத் துண்டு போட்டு மண்ணில் வைத்தால் வேர் வரும், குட்டியும் வரும், ஆனால் மஞ்சள் கரை வராது. ஓரத்தில் ஒரு வகைத் திசு, நடுவில் இன்னொரு வகைத் திசு என்று இரண்டு சேர்ந்த செடி அது. இலைத் துண்டிலிருந்து வரும் குட்டி பச்சைத் திசுவிலிருந்து மட்டும் எழுகிறது. கிழங்குத்தண்டைப் பிரித்து நட்டால்தான் கரை நிற்கும். நியூ ஆர்லியன்ஸில் 1939-ல் கண்டெடுத்த குட்டை ரகமான ‘ஹானியை’ இலைத் துண்டிலிருந்தும் அப்படியே வரும், ஏனென்றால் அது முழுக்கப் பச்சை. அதிலிருந்து வந்த மஞ்சள் கரையுள்ள ‘கோல்டன் ஹானியை’ இலைத் துண்டில் வெறும் ஹானியை ஆகிவிடும். ஒரு ரகத்தின் பெயரோடு அதைப் பெருக்கும் முறையும் சேர்ந்தே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

விதையிலிருந்து வருமா என்ற கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. மணி பிளாண்ட் வளர்ப்பில் பூப்பது அரிதினும் அரிது. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இந்தச் செடியில் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டியது; வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுத்ததும் செடி பூத்தது. ஆகவே ‘மஞ்சுளா விதை 20’, ‘மார்பிள் குயின் விதை பாக்கெட்’ என்று இணையத்தில் விற்பது மோசடி. இந்த இனத்தின் ரகங்கள் தண்டில் நேர்ந்த மாற்றத்திலிருந்து வந்தவை, தண்டு வழியாகவே பெருகுபவை.

வாங்கும்போது செய்யக்கூடியவை: பெயரைக் கேட்பதோடு, தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நர்சரிகள் தாய்ச்செடியைத் தனியாக வைத்திருக்கும். ஒரு தொட்டியில் எத்தனை துண்டு நட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அடர்த்திக்காக ஐந்தாறு துண்டுகளைச் சேர்த்து நடுவார்கள். அதில் என்ஜாயும் பேர்ல்ஸும் கலந்திருப்பது உண்டு. உங்கள் படத்தைப் பார்த்து மூன்று பேர் மூன்று பெயர் சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தொட்டியைக் கவிழ்த்து, கொடிகளை வேரோடு பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நட்டுப் பாருங்கள்.

லேபிள் எழுதுவதற்கு: பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள். நிரந்தர மார்க்கர் வெயிலில் ஒரு வருடத்தில் மங்கும், பென்சில் நிற்கும். முதல் வரியில் எபிப்ரெம்னம் ஆரெயம், அதன் பின் ஒற்றை மேற்கோளுக்குள் ரகப் பெயர். காப்புரிமைப் பெயரும் வணிகப் பெயரும் வேறானால் இரண்டையும் எழுதுங்கள்: ‘ஹன்சோட்டி14’, மஞ்சுளா. இரண்டாவது வரியில் எங்கிருந்து, எந்த மாதம் வாங்கியது. துண்டு எடுத்துப் பெருக்கினால் தாய்த்தொட்டியின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செடியைப் பற்றி இப்போதைக்கு என் கருத்து: படத்தில் தெரியும் இலையின் விளிம்பு தட்டையாக இருக்கிறது, அதனால் மஞ்சுளா என்பதை நான் நம்பவில்லை. வெள்ளைக்குள் மூன்று நான்கு பச்சைத் துளிகள் தெரிகின்றன, எல்லையும் கூர்மையாக இருக்கிறது, அதனால் மார்பிள் குயினும் அல்ல. மீதி இரண்டில் எது என்பதைப் புது இலைகள் சொல்லும்வரை லேபிளில் “எபிப்ரெம்னம் ஆரெயம், வெள்ளை ஓரம், ரகம் உறுதியாகவில்லை” என்று மட்டும் எழுதி வையுங்கள். ஆறு இலைகள் வந்ததும் அவற்றை வரிசையாக வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு படமும், இலைக்காம்பையும் கணுவையும் காட்டி இன்னொரு படமும் எடுத்து அனுப்புங்கள்.